அலமாரிக்குப் பின்னால் போன வயர்

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அந்தக் கடிதம் வந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்து வந்த வெர்னா டாலிவர், வாசல் தபால் பெட்டியிலிருந்த காகிதங்களை மொத்தமாக அள்ளி அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த ஒரு உறையை மட்டும் பிரித்தாள். மற்றதை எல்லாம் வாரக்கணக்கில் மேஜையில் கிடக்கவிடுவாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் உறையை மட்டும் ஒருநாளும் ஆறப்போட்டதில்லை.

வீடு கட்டி நாற்பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது என்றது கடிதம். கூரை, மின்சாரம், தண்ணீர்க் குழாய், ஏசி ஆகிய நான்கையும் லைசென்ஸ் உள்ள ஒருவர் வந்து பார்த்து, படங்களோடு அறிக்கை தர வேண்டும். மே மாத முடிவுக்குள் அறிக்கை வராவிட்டால் பாலிசியைப் புதுப்பிக்க மாட்டோம்.

ஜூன் முதல் தேதி புயல் பருவம் தொடங்குகிறது. ஃப்ளோரிடாவில் அந்த ஆறு மாதம் இன்ஷூரன்ஸ் இல்லாமல் இருப்பதற்கு மல்பெரி ஊரில் யாருக்கும் தைரியம் கிடையாது. தைரியம் இருந்தாலும் பாங்கு விடாது. வீட்டின் மேல் இன்னும் எட்டு வருடக் கடன் இருந்தது. பாலிசி போனால் பாங்கே தன் இஷ்டத்துக்கு ஒன்றை வாங்கி இவர்கள் தலையில் கட்டும். விலை மூன்று மடங்கு. வீடு எரிந்தால் பாங்குக்குப் பணம் வரும், இவர்களுக்குச் சாம்பல்தான்.

சமையலறை மேஜையில் உட்கார்ந்து கேட்ஃபிஷ் மீனுக்குச் சோளமாவு பிரட்டிக்கொண்டிருந்தார் எம்மெட். “என்னவாம்?” என்றார் தலை நிமிராமல்.

“வீட்டைப் பார்க்க ஆள் வரணுமாம்.”

“யார் வீட்டை?”

“நம்ம வீட்டைத்தான். அவன் பாலிசிக்கு அடுத்த வீட்டையா போய்ப் பார்ப்பான்?”

எம்மெட் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினார். கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் படித்தார். பாஸ்பேட் சுரங்கத்தில் முப்பத்தோரு வருடம் மெக்கானிக்காக இருந்தவர். மாடிவீடு அளவுக்கு உயர்ந்து நிற்கும் மண்வாரி இயந்திரங்களுக்கு உள்ளே நுழைந்து உயிர் கொடுத்தவர். இந்த வீட்டில் வெளியாள் ஒருவன் ஸ்க்ரூடிரைவர் பிடித்ததில்லை.

“இத்தனை வருஷமாக் கட்டுறோம். ஒரு ஜன்னல் கண்ணாடி உடைஞ்சதுக்குக்கூட அவன்கிட்ட போய் நின்னதில்ல. இப்ப என் வீட்டுல என்ன ஓட்டைன்னு பார்க்க வர்றானாம்.”

கார் ஷெட்டாக இருந்து அறையாக மாறிய பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “அண்ணே, அந்த ஆள் என்னையும் ஒரு தடவ பார்த்துட்டுப் போகட்டும். எனக்கும் அம்பத்தெட்டு ஆச்சு. நாலு இடத்துல ஒழுகுது.”

எம்மெட்டின் தம்பி லான்னி. சிகரெட் அவன் நுரையீரலைத் தின்றுவிட்டது. மூன்று வருடமாக மூக்கில் குழாயோடு அந்த அறையில்தான் இருந்தான். ஆக்ஸிஜன் மெஷின் இரவு பகலாக உறுமிக்கொண்டே இருக்கும். ஷெட்டின் கதவை அடைத்துச் சுவர் எழுப்பி, ஜன்னல் வைத்து, வயர் இழுத்து அவனுக்காக அதை அறையாக்கியது எம்மெட்தான். கவுன்ட்டி ஆபீஸில் பெர்மிட் கிர்மிட் எதுவும் வாங்கவில்லை. தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வர இருந்தது பன்னிரண்டு நாளில். பெர்மிட் வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள்.

இன்ஸ்பெக்ஷனுக்கு மே ஒன்பதாம் தேதி குறித்தார்கள். அதுவரை எம்மெட் சும்மா இருக்கவில்லை. நடைவழியின் உட்கூரையில் வட்டமாகப் படிந்திருந்த பழுப்புக் கறைக்கு வெள்ளை அடித்தார். வெர்னாதான் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பெயின்ட் அவள் தோளிலும் தலையிலும் சொட்டியது.

“என் தலைக்கு எதுக்குய்யா பெயின்ட்? நான் ஒழுகலியே.”

“பேசாம புடி.”

“இது நல்லதுக்கா எம்மெட்? மறைச்சுதான் ஆகணுமா?”

“தன் வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறது எந்த ஊர்ல குத்தம்?”

அடுத்த நாள் கூரைக்கு அடியிலுள்ள பரணின் மூடியை டிரில் வைத்து நாலு பக்கமும் பெரிய ஸ்க்ரூ போட்டு இறுக்கி, விளிம்பு தெரியாமல் அதன் மேலும் வெள்ளை அடித்தார். அதற்கு மறுநாள் ஹாலில் இருந்த பெரிய மர அலமாரியை இழுத்துக்கொண்டுபோய் லான்னியின் அறையில் சுவரோடு ஒட்டி நிறுத்தினார். அந்த அறைக்கெனத் தனியாக வைத்த ஜன்னல் ஏசியின் வயரும் ஆக்ஸிஜன் மெஷின் வயரும் அதன் பின்னால் மறைந்துபோயின.

“எனக்கு எதுக்குண்ணே அலமாரி? இருக்கிறது நாலு சட்டை. அதுல ரெண்டு உன்னோடது” என்றான் லான்னி.

“அழகா இருக்கட்டும்டா.”

வெர்னா வாசலில் நின்று பார்த்தாள். மார்ச் மாதத்தில் ஒருநாள் அந்த மூலையில் பிளாஸ்டிக் கருகிய வாடை அடித்தது அவளுக்கு நினைவிருந்தது. கேட்டதற்கு, பக்கத்து வீட்டுக்காரன் குப்பை கொளுத்துகிறான் என்றார் எம்மெட். நம்பியதாக வைத்துக்கொண்டாள். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஒன்பதாம் தேதி காலை எட்டு மணிக்கு ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. அதிலிருந்து குள்ளமான ஒரு பெண் இறங்கினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வேனின் தலையிலிருந்து ஏணியைத் தனியாகவே இறக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“குட் மார்னிங் சார். நான் யாரிட்ஸா கொலோன். வீடு பார்க்க வந்திருக்கேன்.”

எம்மெட் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். “உன்கூட வேற யாரும் வரலியாம்மா?”

“ஏணி வந்திருக்கு சார். அது போதும்.”

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த லான்னி சிரிக்கப்போய் இருமினான்.

அவள் முதலில் கூரையில் ஏறினாள். எம்மெட் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தார் அட்டைகள் நெடுக நடந்து, குனிந்து, படம் எடுத்து, பத்து நிமிடத்தில் இறங்கி வந்தாள்.

“கூரை எப்பப் போட்டது சார்?”

“அது… ரெண்டாயிரத்துப் பன்னெண்டு இருக்கும்.”

“கவுன்ட்டி ரெக்கார்டுல ரெண்டாயிரத்து ஆறுன்னு இருக்கே. பெர்மிட் நம்பரோட இருக்கு. நேத்தே பார்த்துட்டேன்.”

“அப்ப எதுக்கும்மா கேக்குற?”

“கேக்கணும்னு ஃபாரத்துல போட்டிருக்கு சார்” என்றாள் சிரிக்காமல்.

வெர்னா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பெண் நின்றபடியே இரண்டு வாய் குடித்துவிட்டுத் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்தாள். செம்புக் குழாய், சுத்தமாக இருந்தது. வீட்டின் பெரிய ஏசியைப் பார்த்தாள், அதுவும் பரவாயில்லை. எம்மெட்டின் முகம் கொஞ்சம் தெளிந்தது. இந்தக் குழாய் இணைப்பெல்லாம் தானே பற்றவைத்தது என்று சொன்னார். “தெரியுது சார், கூலிக்குச் செய்றவங்க இவ்வளவு சீரா வைக்க மாட்டாங்க” என்றாள் அவள்.

பிறகு வெளிச்சுவரில், லோடு மிஞ்சினால் தானே விழும் சுவிட்சுகள் இருந்த பிரேக்கர் பெட்டிக்கு வந்தாள். கையுறை மாட்டிக்கொண்டு மூடியைக் கழற்றினாள். ஸ்க்ரூ தலைகள் இரண்டு தேய்ந்து மழுங்கிக் கிடந்தன. அவற்றைக் கழற்ற வேறு கருவி தேவைப்பட்டது. உள்ளே டார்ச் அடித்தவள் ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

“சார், இங்க முப்பது ஆம்பியர் பிரேக்கர் போட்டிருக்கு. அதுலருந்து போறது பதினாலாம் நம்பர் வயர். பதினஞ்சுக்கு மேல தாங்காதே. இது எங்க போகுது?”

“எங்கயும் போகல. பழைய வயர். அந்தப் பக்கம் செத்துப் போச்சு.”

அவள் பையிலிருந்து சின்ன கேமரா ஒன்றை எடுத்து வயருக்கு நேராகப் பிடித்தாள். சூட்டைப் படம் பிடிக்கும் கேமரா. திரை முழுக்க நீலம், ஒரே ஒரு கோடு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது.

“செத்த வயர் சூடா இருக்காது சார்.”

எம்மெட் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அவரைத் துருவவும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆக்ஸிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

வெர்னா சொல்லாமல் விட்டால் அந்தப் பெண் ‘தெரியவில்லை’ என்று எழுதிக்கொண்டு போய்விடுவாள். சொன்னால் எம்மெட்டின் முகத்தில் அடித்த மாதிரி. மூக்கில் குழாயோடு படுத்திருக்கும் ஒருவனின் தலைமாட்டில் சூடான வயர். அந்தக் குழாயில் போவது என்ன காற்று என்பது ஆஸ்பத்திரியில் அவளுக்கும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். மெஷின் பக்கத்தில் மெழுகுவத்திகூடக் கூடாது என்றார்கள்.

“என் கொழுந்தனார் ரூமுக்குப் போகுதும்மா,” என்றாள். “ஒரு அலமாரி நிக்குது. அதுக்குப் பின்னால.”

எம்மெட் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார்.

வெர்னாவும் யாரிட்ஸாவும் அலமாரியை நகர்த்தினார்கள். பிளக் பாயின்ட் தேன் நிறத்துக்கு மாறி, ஒரு ஓரம் உருகி வழிந்திருந்தது. சுவரில் கை வைத்துப் பார்த்தாள் வெர்னா. காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது.

யாரிட்ஸாவின் குரல் மாறிவிட்டது. “இதை இப்பவே ஆஃப் பண்ணணும். சார், உங்ககிட்ட சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கா?”

“கட்டிலுக்கு அடியில” என்றான் லான்னி. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

வெர்னா சிலிண்டரை எடுத்துக் குழாயை மாற்றினாள். எம்மெட் போய் பிரேக்கரை இறக்கினார். பல மாதங்களுக்குப் பிறகு அந்த அறை நிசப்தமானது. சமையலறையிலிருந்து தடித்த எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றை இழுத்துவந்து மெஷினை மட்டும் மறுபடி ஓட வைத்தார்கள். எலக்ட்ரீஷியன் வரும்வரை ஏசி கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள் யாரிட்ஸா.

“பரணையும் பார்த்துடறேன். மூடி எங்க இருக்கு?”

இந்த முறை வெர்னா வாயைத் திறக்கவில்லை. எம்மெட்டே நடைவழிக்குப் போய் மேலே கையைக் காட்டினார். “வெள்ளை அடிச்சிருக்கேன். ஸ்க்ரூ போட்டிருக்கேன். கழட்டிக்கோ.” வெளியே போய் தன் பழைய டிரக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அவள் பரணில் இருபது நிமிடம் இருந்தாள். தலையெல்லாம் பஞ்சுத் தூளோடு இறங்கி வந்து, வெர்னாவைத் தேடிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

“கறை இருக்கு. பழைய ஒழுகல், இப்ப காய்ஞ்சிருக்கு, மரம் கெட்டுப் போகல. அது பரவாயில்ல. ஆனா அம்மா, மேல ஒவ்வொரு சட்டத்துக்கும் இரும்புப் பட்டை போட்டுச் சுவரோட கட்டியிருக்கே, அது யார் செஞ்சது?”

“அவர்தான். ரெண்டாயிரத்து நாலுல மூணு புயல் வரிசையா வந்துச்சே. அது முடிஞ்சதும் ரெண்டு மாசம் பரணே கதின்னு கிடந்தாரு.”

“ஒண்ணுகூட விடல. ஆணிகூட எண்ணி அடிச்சிருக்காரு. இதுக்குத் தனி ஃபாரம் இருக்கு, காத்துக்கு வீடு எவ்வளவு தாங்கும்னு. நான் எழுதித் தர்றேன். கம்பெனி கட்டாயம் தள்ளுபடி கொடுக்கணும். இத்தனை வருஷமா இதை யாருமே சொல்லலியா உங்களுக்கு?”

யாரும் சொல்லவில்லை. வெளியாளை உள்ளே விட்டால்தானே சொல்ல.

போகும்போது அவள் டிரக்கின் ஜன்னல் பக்கம் நின்று எம்மெட்டிடம் ஏதோ சொன்னாள். அவர் முன்கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு தலையாட்டினார். வேன் போனது.

வெர்னா ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தாள். சோளரொட்டியும் கீரையும் மேஜையில் ஆறின. பிறகு அவளே போய் டிரக்கின் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது.

“வேகறதுக்கா உட்கார்ந்திருக்க?”

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“கோவம்னா திட்டு. வாயை மூடிக்கிட்டு இருக்காத.”

“ஒரு வார்த்த என்கிட்ட தனியாச் சொல்லியிருக்கலாம்ல,” என்றார். “அந்தப் பொண்ணு முன்னாடி… நேத்துப் பொறந்த பொண்ணு.”

“தனியாச் சொன்னா நீ என்ன சொல்லியிருப்ப? பக்கத்து வீட்டுக்காரன் குப்பை கொளுத்துறான்னு சொல்லியிருப்ப.”

அது சரியான இடத்தில் போய்த் தைத்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

“நீ மெக்கானிக். பதினஞ்சு தாங்குற வயர்ல முப்பது போட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? எனக்கே தெரியுது. உன் தம்பிடா அங்க படுத்திருக்கான்.” கோபம் வந்தால் ‘டா’ தானாக வந்துவிடும் அவளுக்கு.

“தெரியும். அவன் ரூமுக்கு ஏசி போட்டதுலருந்து பிரேக்கர் தினம் நாலு தடவ விழுந்துச்சு. அவன் மெஷின் நின்னு நின்னு போச்சு. ஒரு வாரம் தாங்கட்டும், அதுக்குள்ள தடிச்ச வயரா இழுத்துடலாம்னுதான் பெருசு போட்டேன்.”

“அது எப்போ?”

“போன வருஷம் ஜூலை.”

“பத்து மாசமா ஒரு வாரம் முடியலியா?”

எம்மெட் ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுத்து அவளுக்கு முன்னால் நீட்டினார். இரண்டும் நடுங்கின. வலது கை அதிகமாக நடுங்கியது. நிறுத்தப் பார்த்தார், இன்னும் கூடியது.

“சின்ன ஸ்க்ரூ தலையில டிரைவர் நிக்க மாட்டேங்குது. சின்ன வயரை வளைக்க முடியல. மூணு தடவ முயற்சி பண்ணேன், நீ வேலைக்குப் போனப்புறம். ஒரு தடவ ஷாக் அடிச்சுக் கீழ விழுந்தேன்.”

காப்பியை அவர் எப்போதும் அரைக் கோப்பை மட்டும் ஊற்றச் சொல்வதும், சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்தே படிப்பதும் வெர்னா பார்த்ததுதான். வயசாகிறது என்று விட்டுவிட்டாள். அவளும்தான் கேட்கவில்லை.

“ஆளைக் கூப்பிட வேண்டியதுதானே?”

“கூப்பிட்டா, ஏன்டா நீ செய்யலன்னு கேப்பான்.”

“கேட்டா கேக்கட்டும். கை நடுங்குதுன்னு சொல்லு. அதுக்காக வீட்டைக் கொளுத்துவியா?”

அவர் அழவில்லை. அந்த நீட்டிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி இருந்தார். வெர்னா ஒரு கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “உள்ள வா. வியர்வையில நாறுற” என்றாள்.

லான்னி விடவில்லை. அன்று சாப்பாட்டு மேஜையில், “கேட்ஃபிஷ் இல்லாத நாளைக்கு என்னையே பொரிச்சுடலாம்னு பார்த்தியாண்ணே?” என்றான். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, தட்டைப் பார்த்துக்கொண்டே, “லேக்லாண்டுல ஒரு ஹோம் இருக்கு. கவர்ன்மென்ட் காசுலயே சேர்த்துப்பாங்களாம். நான் அங்க போயிட்டா இந்த ரூமை மறுபடி ஷெட் ஆக்கிடலாம். உங்களுக்கும் தொந்தரவு இல்ல” என்றான்.

எம்மெட் கரண்டியைக் கீழே வைத்தார். “இன்னொரு தடவ அந்தப் பேச்சை எடுத்தா உன் மெஷினை நானே பிடுங்கிடுவேன்.”

“ஏற்கெனவே முக்கால்வாசி பிடுங்கிட்ட,” என்றான் லான்னி. இப்போது மூவருக்கும் சிரிப்பு வந்தது. லான்னிக்கு இருமல் வந்தது, வெர்னா முதுகில் தட்டிக் கொடுத்தாள்.

அறிக்கை போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் க்ளெண்டா போன் செய்தாள். பதினைந்து வருடமாக இவர்கள் பாலிசியைப் பார்ப்பவள், பேச்சைச் சுற்றி வளைக்க மாட்டாள். “வெர்னா, கேளு. குழாய், ஏசி ரெண்டும் பாஸ். வயரிங் ஃபெயில். பெர்மிட் வாங்கி, லைசென்ஸ் உள்ள ஆள் செஞ்சு, கவுன்ட்டி கையெழுத்துப் போட்ட காகிதம் வேணும். அந்த ரூமுக்கும் சேர்த்து. கூரைக்குப் பதினேழு வயசு. கம்பெனி அதை விரும்பாது, ஆனா அந்தப் பொண்ணு பட்டைங்களைப் பத்தி நல்லா எழுதியிருக்கா. அதை வச்சு நான் பேசிப் பார்க்கிறேன்.”

“மறைச்சிருந்தா பாஸ் ஆகியிருக்குமா?” என்று கேட்டாள் வெர்னா. ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“ஆகியிருக்கும். அப்புறம் ஒருநாள் அந்த ரூம்ல தீ பிடிச்சு, வந்து பார்க்கிறவன் அந்த வயரையும் அந்தப் புது பெயின்ட்டையும் பார்த்தான்னா, பாலிசியே செல்லாதுன்னு எழுதிட்டுப் போயிருப்பான். ஒரு பைசா வராது. என் வேலைல நான் அதை மூணு தடவ பார்த்திருக்கேன்.”

எம்மெட் பழைய சுரங்கத் தோழர் ஹாலிஸுக்கு போன் செய்தார். ஹாலிஸ் சுரங்கத்தை விட்டதும் எலக்ட்ரீஷியன் லைசென்ஸ் வாங்கித் தனியாகத் தொழில் செய்துகொண்டிருந்தார். வெர்னா அடுப்படியில் நின்று கேட்டாள். “ஆமாடா, நானேதான் கூப்பிடுறேன்… இல்ல, என்னால முடியல. கை நடுங்குது… சிரிக்காத.” ஹாலிஸ் சிரிக்கவில்லை போலிருக்கிறது. மறுநாளே வந்தார்.

வேலை நான்கு நாள் நடந்தது. அறையின் பழைய வயரை உருவி, ஏசிக்குத் தனி, மெஷினுக்குத் தனி என்று இரண்டு புது வயர் பரண் வழியாக இழுக்க வேண்டியிருந்தது. உருவிய வயரில் ஒரு சாண் நீளம் கருகி, உள்ளே செம்பு தெரிந்தது. ஹாலிஸ் அதை எம்மெட்டிடம் நீட்டினார். எம்மெட் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இன்னும் ஒரு கோடைக்காலம் அது தாங்கியிருக்காது.

பரணுக்குள் ஹாலிஸ் தவழ்ந்தபோது எம்மெட் கீழே ஏணியடியில் நின்று சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். “இடது கைப்பக்கம் ரெண்டாவது சட்டத்துல ஒரு ஆணி துருத்திக்கிட்டிருக்கும், முட்டியைப் பார்த்து வை. இன்னும் மூணடி போ. அங்க ஒரு குறுக்குச் சட்டம், அதுல நான் ஏற்கெனவே ஓட்டை போட்டு வச்சிருக்கேன்.”

“எப்பப் போட்டது?”

“போன ஆகஸ்ட். அதுவரைக்கும்தான் முடிஞ்சது.”

மேலே டார்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றது. “நல்ல ஓட்டைடா,” என்றார் ஹாலிஸ். “இதுக்கு நான் கூலி வாங்க மாட்டேன்.”

கவுன்ட்டி ஆள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே வெர்னா எம்மெட்டை டாக்டரிடம் கூட்டிப்போனாள். பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை, இந்த வகை நடுக்கம் சிலருக்குக் குடும்பத்தில் வரும் என்றார் டாக்டர். ஒரு மாத்திரை கொடுத்தார். “எவ்வளவு நாளா இருக்கு?” என்று கேட்டதற்கு எம்மெட் இரண்டு வருடம் என்றார். வெர்னா பத்து மாதம் என்றுதான் நினைத்திருந்தாள். அவரைத் திரும்பிப் பார்த்தாள். “கேட்டாரு, சொன்னேன்” என்றார்.

மே இருபத்தாறாம் தேதி யாரிட்ஸா மறுபடி வந்தாள். இந்த முறை எம்மெட் வாசலிலேயே காத்திருந்தார். அவள் பிரேக்கர் பெட்டியைத் திறந்து படம் எடுத்தாள், அறையில் புது பிளக்குகளைப் படம் எடுத்தாள், அவ்வளவுதான் அவள் வேலை. எம்மெட் விடவில்லை.

“குளிக்கிற ரூம்ல அந்தக் குழாய் மூணு நாளா சொட்டுது. எழுதிக்கோ.”

“அது தேவையில்ல சார்.”

“பின்பக்கம் மரப்படி ஒண்ணு ஆடுது. லான்னி ஒருநாள் அதுல தடுக்கினான். அப்புறம் வேலியோரம் ஓக் மரத்துல ஒரு கிளை கூரைப் பக்கம் சாயுது. அப்புறம் சமையலறை ஜன்னல்…”

“சார், சார்.” அவள் கையைத் தூக்கினாள். “நான் கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க. இவ்வளவையும் எழுதினா கம்பெனிக்காரன் ஊரை விட்டே ஓடிடுவான்.”

“மறைச்சாலும் குத்தம், சொன்னாலும் குத்தமா?” என்றான் லான்னி கட்டிலிலிருந்து. “என்னய்யா கம்பெனி இது!”

போகும்போது வெர்னா அவள் கையில் வாழைப்பழ புட்டிங் ஒரு டப்பா கொடுத்தாள். வாங்கக் கூடாது, லஞ்சம் என்று ஆகிவிடும் என்றாள் யாரிட்ஸா. அறிக்கை போய்விட்டதல்லவா என்றாள் வெர்னா. இன்னும் அனுப்பவில்லை என்றாள் அந்தப் பெண். “அப்ப இங்கயே உட்கார்ந்து அனுப்பு, அப்புறம் சாப்பிடு.” அவள் மேஜையில் உட்கார்ந்து அறிக்கையை அனுப்பிவிட்டு, டப்பாவில் பாதியை அங்கேயே முடித்தாள்.

பாலிசி ஜூன் மூன்றாம் தேதி வந்தது. பருவம் தொடங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. வெர்னா சமையலறை மேஜையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாள். இரும்புப் பட்டைகளுக்குத் தள்ளுபடி கொடுத்திருந்தார்கள், கட்ட வேண்டியது போன வருடத்தைவிடச் சற்றுக் குறைவுதான். வீட்டுக்கும் சாமான்களுக்கும் முழுக் காப்பு. கூரைக்கு மட்டும் அப்படி இல்லை. புயலில் போனால் புதுக் கூரையின் விலை வராது, பதினேழு வயதுக் கூரைக்கு இன்று என்ன மதிப்போ அதுதான் வரும். அடுத்த மே மாதத்துக்குள் புதுக் கூரை போடாவிட்டால் புதுப்பிக்க மாட்டோம் என்று ஒரு வரி.

“என்ன போட்டிருக்கான்?” என்றார் எம்மெட்.

“ஒரு வருஷம் டைம் கொடுத்திருக்கான். கூரையை மாத்தணும்.”

“நான்…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பிறகு, “ஹாலிஸுக்குத் தெரிஞ்ச ஒரு கூரைக்காரன் இருக்கானாம். விலை கேட்டு வைக்கச் சொல்றேன்” என்றார்.

“இன்னிக்கே கேளு. பருவம் பாதி போனதும் விலை ஏறிடும்.”

அவர் போனை எடுத்தார். எண்ணை அழுத்த இரண்டு தடவை தவறியது, மூன்றாம் தடவை சரியாக விழுந்தது. வெர்னா கடைசிப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, பேசி முடித்ததும் அவரும் போடட்டும் என்று பேனாவை அவர் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, லான்னிக்கு மதியச் சாப்பாடு எடுத்து வைக்க எழுந்தாள்.